நீங்களும் பிளாக் பண்ணல, அவரும் பிளாக் பண்ணல... பிறகு யார்? - ஃபெடிவர்ஸில் சர்வர்கள் போடும் பூட்டு

சேத்தூரில் ஒன்றாகப் படித்த இரண்டு நண்பர்கள். ஒருவருக்குச் சென்னை சிறுசேரியில் ஐ.டி. வேலை, இன்னொருவருக்கு ராஜபாளையத்தில் மில் ஒன்றில் கணக்கு வேலை. ட்விட்டர் 'எக்ஸ்' ஆன பிறகு இருவரும் மாஸ்டோடனுக்கு மாறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால், இருவரும் கணக்கு தொடங்கியது வேறு வேறு சர்வரில். ஒருநாள் போனில் இப்படிப் பேச்சு வருகிறது.

"ஏன் மாப்ள, பத்து நாளா ஒன்னோட போஸ்ட் ஒண்ணுகூட காணோம்?"

"தினமும் போட்டுட்டுதானடா இருக்கேன். நீதான் என்னைய பிளாக் பண்ணிட்டியோன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு ஒன்னைய பிளாக் பண்றேன்?"

இருவர் சொல்வதும் உண்மைதான். யாரும் யாரையும் பிளாக் செய்யவில்லை. ஒருவருடைய சர்வர், இன்னொருவருடைய சர்வரை மொத்தமாக பிளாக் செய்துவிட்டது. இரண்டு ஊர்ப் பெரியவர்களுக்குள் மனஸ்தாபம் வந்து, ரெண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோன கதைதான் இது. நண்பர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இது எப்படி நடக்கிறது? ஏன் நடக்கிறது? இதில் நமக்கு என்ன இருக்கிறது?

முதலில், ஃபெடிவர்ஸ் என்றால் என்ன?

ஃபேஸ்புக், எக்ஸ் போன்றவை ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை. ஃபெடிவர்ஸ் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஒவ்வொரு சர்வரையும் ஒரு தனி மனிதரோ, குழுவோ, நிறுவனமோ நடத்தலாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோஷ்கோ 2016-ல் வெளியிட்ட மாஸ்டோடன்தான் இதில் பிரபலமான மென்பொருள். சர்வர்கள் பேசிக்கொள்ளும் பொது மொழியின் பெயர் ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் இணையத் தர நிர்ணய அமைப்பான டபிள்யூ3சி இதை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது.

இ-மெயில் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஜிமெயிலிலிருந்து ஸோஹோ மெயிலுக்கு அனுப்ப முடிகிறது அல்லவா? அதே கதைதான். கணக்கின் பெயரிலேயே சர்வரின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். சேத்தூருக்கு ஒரு சர்வர், ராஜபாளையத்துக்கு ஒரு சர்வர், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு சர்வர் என்று கற்பனை செய்துகொண்டால், இனி வருவது எளிதாகப் புரியும்.

ஒரு போஸ்ட் எப்படிப் பயணிக்கிறது?

சேத்தூர் சர்வரில் ஒருவர் ஒரு போஸ்ட் போடுகிறார். அவரை ஃபாலோ செய்பவர்கள் எந்தெந்த சர்வரில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் சேத்தூர் சர்வரிடம் இருக்கும். அந்த ஒவ்வொரு சர்வரின் 'இன்பாக்ஸு'க்கும் அது ஒரு நகலை அனுப்புகிறது. அந்த நகலில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். 'இது சேத்தூரிலிருந்துதான் வந்தது, நடுவில் யாரும் மாற்றவில்லை' என்பதற்கான சான்று அது.

ராஜபாளையம் சர்வர் அதை வாங்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து, தன்னிடம் உள்ள தடைப் பட்டியலையும் பார்க்கிறது. சேத்தூரின் பெயர் அதில் இல்லையென்றால் போஸ்ட் உள்ளே வரும். இருந்தால் அங்கேயே குப்பைக்குப் போய்விடும். 'இந்த டொமைன் பெயரிலிருந்து எது வந்தாலும் வாங்காதே' என்ற ஒரே ஒரு வரிதான் தடை.

இதில் கவனிக்க வேண்டியது, நடுவில் யாரும் இல்லை என்பது. தலைமை அலுவலகம் கிடையாது. ஒரு சர்வரை ஃபெடிவர்ஸிலிருந்தே நீக்கும் பொத்தான் உலகத்தில் யாரிடமும் இல்லை. அவரவர் வாசலை அவரவர் அடைக்கலாம். அவ்வளவுதான்.

கதவை அடைப்பதில் மூன்று வகை

மாஸ்டோடன் அட்மினுக்கு மூன்று முக்கியமான வாய்ப்புகள் இருக்கின்றன.

1. மட்டுப்படுத்துதல்: அந்த சர்வரின் போஸ்ட்கள் பொது டைம்லைனில் வராது. ஏற்கெனவே ஃபாலோ செய்பவர்களுக்கு மட்டும் தெரியும். ஃபாலோ செய்யாதவர்களுக்கு அங்கிருந்து நோட்டிஃபிகேஷன் வராது. தெருவில் மைக் கட்டக் கூடாது, வீட்டுக்கு வந்து பேசலாம் என்பது போல.

2. படங்களை மறுத்தல்: எழுத்து வரும்; படம், வீடியோ வராது. சர்வரில் நகலும் சேமிக்கப்படாது.

3. முழுத் துண்டிப்பு: எதுவும் வராது, இங்கிருந்தும் எதுவும் போகாது. அந்த சர்வரிலிருந்து வந்து சேமிக்கப்பட்டவை அழிக்கப்படும். இரு பக்கமும் இருந்த ஃபாலோ உறவுகள் அறுந்துபோகும். பிற்பாடு தடையை நீக்கினாலும் அந்த உறவுகள் தாமாக ஒட்டாது. ஒவ்வொருவரும் மறுபடி ஃபாலோ செய்ய வேண்டும்.

இந்த மூன்றாவது வகையைத்தான் ஆங்கிலத்தில் 'டிஃபெடரேஷன்' என்கிறார்கள்.

நண்பர்கள் இருவருக்கும் நடந்தது இதுதான். முன்பெல்லாம் இப்படி உறவு அறுந்தது யாருக்கும் தெரியாது. 2024 அக்டோபரில் வந்த மாஸ்டோடன் 4.3 பதிப்பிலிருந்து, தடை போட்ட சர்வரின் உறுப்பினர்களுக்கு 'உங்கள் தொடர்புகள் இத்தனை போயின' என்று நோட்டிஃபிகேஷன் வருகிறது. அதைப் பார்க்காமல் தள்ளிவிட்டால் போச்சு. அடைபட்ட பக்கத்தில் இருப்பவருக்கு அந்தத் தகவலும் கிடையாது. ஃபாலோயர் எண்ணிக்கை சத்தமில்லாமல் குறைந்திருக்கும்.

பேச்சில் விழும் ஓட்டை

ராஜபாளையம் சர்வர் சேத்தூரைத் துண்டித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வர் இரண்டோடும் நல்ல உறவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் 'எந்தக் கடை பால்கோவா நல்லா இருக்கும்?' என்று கேட்கிறார். சேத்தூரிலிருந்து ஐந்து பதில், ராஜபாளையத்திலிருந்து ஐந்து பதில். கேட்டவருக்குப் பத்தும் தெரியும். ராஜபாளையத்துக்காரருக்குச் சேத்தூரின் ஐந்து பதில்கள் தெரியவே தெரியாது. சேத்தூர்க்காரருக்கும் ராஜபாளையத்தின் பதில்கள் தெரியாது. ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரில் இருவருக்கு மற்றவர் பேசுவது கேட்கவில்லை. மூன்றாமவருக்கோ இவர்கள் ஏன் ஒருவரையொருவர் கண்டுகொள்வதில்லை என்று புரியவில்லை.

இன்னொரு விஷயம். தடை என்பது கோட்டைச் சுவர் அல்ல. பொதுவில் போட்ட போஸ்ட்டை, கணக்கே இல்லாமல் பிரவுசரில் திறந்து படிக்கலாம். அடைபட்ட சர்வர்கூடப் பின்வாசல் வழியாக வந்து பொது போஸ்ட்டை எடுத்துப்போக முடியும். இதைத் தடுக்க, கையொப்பம் காட்டினால்தான் எதையும் கொடுப்பேன் என்கிற கூடுதல் பாதுகாப்பு அமைப்பு ஒன்று மாஸ்டோடனில் உண்டு. அதை அட்மின்தான் இயக்க வேண்டும். தடைக்கு முன்பு அங்கே போய்ச் சேர்ந்த நகல்களோ அவர்கள் கையில்தான். அதைத் திரும்ப வாங்க வழியில்லை. தொந்தரவுக்குப் பயந்து கதவை அடைப்பவர்கள் மறக்கக் கூடாத உண்மை இது.

இந்தச் சண்டை புதுசா?

இல்லை. 1990-லேயே நடந்திருக்கிறது. ஐ.ஆர்.சி. என்ற பழைய சாட் வசதியில், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 'எரிஸ்' என்ற சர்வர், யார் வேண்டுமானாலும் கடவுச்சொல் இல்லாமல் தங்கள் சர்வரை இணைக்கலாம் என்று திறந்துவிட்டது. தொல்லை பெருகியது. அந்த ஆகஸ்ட்டில் மற்ற சர்வர்கள் எரிஸையும், அதோடு கைகோத்தவற்றையும் ஏற்பதில்லை என்று விதி போட்டுப் பிரிந்தன. பிரிந்த குழுவின் பெயரே 'எரிஸ் இல்லாத நெட்வொர்க்'. சுருக்கமாக ஈ.எஃப்.நெட். இ-மெயிலிலும் இதே கதைதான். ஸ்பேம் அனுப்பும் சர்வர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் 1998-ல் தொடங்கப்பட்டது. இன்றும் மெயில் சர்வர்கள் அதன் பட்டியலைப் பார்த்துக் கதவை அடைக்கின்றன.

ஃபெடிவர்ஸுக்கு முதல் பெரிய சோதனை 2017-ல் வந்தது. ஜப்பானின் பிக்ஸிவ் நிறுவனம் 'பாவூ' என்ற மாஸ்டோடன் சர்வரைத் தொடங்கியது. சடசடவெனக் கூட்டம் சேர்ந்தது. அங்கே பகிரப்பட்ட சில வகை ஓவியங்கள் ஜப்பானில் சட்டப்படி தவறில்லை. பல மேற்கு நாடுகளில் குற்றம். மாஸ்டோடனில் படம் பயணிக்கும்போது அதன் நகல் பெறும் சர்வரிலும் சேமிக்கப்படும். அப்படியானால், யாரோ போட்ட படத்துக்கு ஐரோப்பாவில் உள்ள அட்மின் போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். 'எழுத்து வரட்டும், படம் வேண்டாம்' என்ற ஏற்பாட்டின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

இது வெறும் கற்பனை பயமும் அல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் சுமார் 3.25 லட்சம் போஸ்ட்களை ஆராய்ந்தபோது, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைக் காட்டும், ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட படங்கள் 112 முறை வந்திருந்தன. வெறும் இரண்டு நாளில். இந்தியாவிலும் அத்தகைய படங்களைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்கீழ் கடும் குற்றம்.

கேப் வந்தபோது...

2019 ஜூலையில் நடந்தது இன்னும் பெரிய விஷயம். வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன அமெரிக்கத் தளமான 'கேப்', மாஸ்டோடனின் மென்பொருளையே எடுத்து ஃபெடிவர்ஸுக்குள் நுழைந்தது. மாஸ்டோடன் திறந்த மூல மென்பொருள். 'நீ பயன்படுத்தாதே' என்று ரோஷ்கோவாலேயே சொல்ல முடியாது. அவர்கள் செய்ய முடிந்தது, எதிர்ப்பைத் தெரிவித்து அறிக்கை விடுவது மட்டுமே.

ஆனால் நடந்தது வேறு. சர்வர் சர்வராக அட்மின்கள் கேப்பின் டொமைனைத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். டஸ்கி போன்ற செயலிகளும் கேப் கணக்கில் லாகின் செய்ய முடியாமல் செய்தன. கேப் அழியவில்லை. தன் சர்வரில் தன் ஆட்களோடு அது பாட்டுக்கு இருந்தது. ஆனால் ஃபெடிவர்ஸில் அது பேச ஆள் இல்லை. பின்னர் அதுவே மற்ற சர்வர்களோடு பேசும் வசதியை எடுத்துவிட்டது. யாருடைய வாயையும் மூடாமல், 'கேட்க மாட்டோம்' என்று சொல்லியே ஒரு தளத்தை ஒதுக்க முடியும் என்பதற்கு இதுவே பெரிய உதாரணம்.

இந்தியர்கள் உள்ளே வந்த கதை

அதே 2019-ன் அக்டோபர் கடைசியில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாஜி ஜெர்மனியில், எல்லோரும் கை உயர்த்தி சல்யூட் அடிக்கும் கூட்டத்தில் ஒருவர் மட்டும் கை கட்டி நிற்கும் புகழ்பெற்ற படத்தை அவர் வைத்திருந்தார். அதைத் தொடர்ந்து, 'ட்விட்டர் யாருக்கும் பதில் சொல்வதில்லை' என்ற கோபத்தில் நவம்பரில் இந்தியர்கள் திரளாக மாஸ்டோடனுக்குப் போனார்கள். தலித் செயல்பாட்டாளர்கள் ட்விட்டரின் ப்ளூ டிக் பாகுபாட்டை எதிர்த்துக் குரல் எழுப்பியதும் அந்த நாட்களில்தான்.

போனவர்கள் கேட்ட முதல் கேள்வி: "எந்த சர்வர்ல சேரணும்?" வேடிக்கையாகத் தோன்றினாலும், அதுதான் சரியான கேள்வி. ஃபெடிவர்ஸில் சர்வரைத் தேர்வு செய்வது என்பது, யார் வைக்கும் பூட்டுக்குள் இருக்கப்போகிறோம் என்பதைத் தேர்வு செய்வது.

இங்கேதான் தமிழ் வாசகர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு போஸ்ட் வசவா, வேடிக்கையா என்று முடிவு செய்வது அந்த சர்வரின் அட்மின். அவர் ஜெர்மனியில் இருந்தால், தமிழில் எழுதப்பட்ட ஒரு சாதி வசவு அவருக்குப் புரியுமா? ஊர்ப்பக்கம் ஒரு சாதாரணச் சொல்லுக்குள் எவ்வளவு விஷம் வைக்க முடியும் என்பது நமக்குத் தெரியும். மொழிபெயர்ப்புக் கருவிக்குத் தெரியாது. மறுபக்கம், நண்பர்கள் உரிமையோடு திட்டிக்கொள்வதை வெறுப்புப் பேச்சு என்று நினைத்து, 'இந்த சர்வரே சரியில்லை' என்று ஒட்டுமொத்தமாகத் துண்டிக்கவும் வாய்ப்பு இருக்கிறது. மொழி தெரிந்தவர்கள் நடத்தும் சர்வர் ஏன் தேவை என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அப்பாவிகளும் மாட்டுவார்கள்

ஒருவர் செய்த தவறுக்கு ஊரையே ஒதுக்கிவைப்பது நியாயமா? 2022 நவம்பரில் பத்திரிகையாளர்களுக்காகவே தொடங்கப்பட்ட 'ஜர்னாஹோஸ்ட்' சர்வரில் இந்தக் கேள்வி எழுந்தது. திருநர் மருத்துவம் பற்றிய ஒரு கட்டுரையின் இணைப்பை ஒருவர் பகிர, அதைச் சுற்றிச் சண்டை மூண்டது. பல சர்வர்கள் அந்த சர்வரையே தடை செய்தன. அந்தச் சண்டையில் தொடர்பே இல்லாத பத்திரிகையாளர்களின் வாசகர்களும் அதோடு போனார்கள்.

2024 பிப்ரவரியில் வேறு மாதிரி சிக்கல். கவனிக்க ஆள் இல்லாமல், பதிவு மட்டும் திறந்து கிடந்த சின்னச் சின்ன சர்வர்களில் தானியங்கி முறையில் கணக்குகளைத் தொடங்கி, ஸ்பேமைக் கொட்டினார்கள். பெரிய சர்வர்கள் அவற்றை வரிசையாக மட்டுப்படுத்தின, துண்டித்தன. தவறு செய்யாத உறுப்பினர்களும் வெளியே நின்றார்கள். 'பூட்டாத வீட்டில் திருடன் ஒளிந்தால், தெருவே அந்த வீட்டைச் சந்தேகிக்கும்' என்ற நிலை.

இன்னொன்று, பட்டியல் பகிர்வு. 2023 பிப்ரவரியில் வந்த 4.1 பதிப்பிலிருந்து, ஒரு அட்மின் தன் தடைப் பட்டியலைக் கோப்பாக இறக்கி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். புதிதாக சர்வர் தொடங்குபவருக்கு இது வரம். ஆனால், ஒருவர் கோபத்தில் சேர்த்த பெயர், சரிபார்க்கப்படாமல் நூறு சர்வர்களுக்குப் பரவும் ஆபத்தும் இதிலேயே இருக்கிறது.

இதற்கு எதிர்வாதமும் வலுவானது. தொடர்ந்து மிரட்டலுக்கு ஆளாகும் பெண்களையும் திருநர்களையும் தலித்துகளையும் கேட்டால், 'ஒவ்வொருத்தனா பிளாக் பண்ணி எப்போ முடிக்க?' என்பார்கள். தொந்தரவு செய்பவர்களை வேண்டுமென்றே வளர்க்கும் சர்வர் இருந்தால், கதவை மொத்தமாக அடைப்பதுதான் அவர்கள் நிம்மதியாகப் பேச ஒரே வழி. மையப்படுத்தப்பட்ட தளத்தில் அந்த வழியே இல்லை.

ஜியோவை நினைவிருக்கிறதா?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது, அதிலிருந்து மற்ற நெட்வொர்க்குக்குப் போன அழைப்புகள் ஏராளமாகத் தோல்வியடைந்தன. இணைப்பு முனையங்களைப் போதுமான அளவு தரவில்லை என்று கூறி, ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க டிராய் பரிந்துரைத்தது. தொலைபேசியில் ஒரு நெட்வொர்க் இன்னொன்றை அடைக்க முடியாது. கேட்க டிராய் இருக்கிறது. யுபிஐயும் அப்படித்தான். ஜிபேயிலிருந்து போன்பேக்குப் பணம் போக நடுவில் என்.பி.சி.ஐ. இருக்கிறது. 'அந்த ஆப்காரன் பணத்தை வாங்க மாட்டேன்' என்று ஒரு வங்கி சொல்ல முடியாது.

ஃபெடிவர்ஸில் டிராயும் இல்லை, என்.பி.சி.ஐ.யும் இல்லை. பணத்துக்கு ஒரு நடுவர் இருப்பது நல்லது. பேச்சுக்கு ஒரே நடுவர் இருந்தால், யார் பேசலாம் என்பதையும் அவரே முடிவு செய்வார். 2022 டிசம்பரில் ட்விட்டர், மாஸ்டோடனின் கணக்கையே முடக்கி, மாஸ்டோடன் இணைப்புகளைப் பகிரவும் தடை போட்டது. ஒரே ஆள், ஒரே பொத்தான். அந்த நாளில் கோடிக்கணக்கானவர்களுக்கு வேறு வாசல் இல்லை.

பெரிய யானை வந்தால்?

2023 ஜூலையில் மெட்டா 'த்ரெட்ஸ்' தொடங்கி, ஆக்டிவிட்டிபப்போடு இணைவோம் என்றது. உடனே பல சிறு சர்வர்கள் 'ஃபெடிபேக்ட்' என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டு, வருவதற்கு முன்பே கதவை அடைத்தன. வேறு பல, 'வரட்டும், பார்ப்போம்' என்றன. 2024 மார்ச்சில் அமெரிக்கா, கனடா, ஜப்பானில் த்ரெட்ஸ் பயனாளர்கள் ஃபெடிவர்ஸில் பகிரத் தொடங்கினார்கள். த்ரெட்ஸும் தன் பங்குக்குச் சில சர்வர்களைத் தடுத்துவைத்திருக்கிறது. ஊர்க் குளத்தில் யானை இறங்கினால், தண்ணீர் யாருடையது என்ற கேள்வி வரத்தானே செய்யும்.

நம் பக்கத்திலும் இந்தக் கேள்வி வரலாம். சேத்தூர் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில் தெற்கே போனால் தென்காசி. அதன் பக்கத்தில் மத்தளம்பாறையிலும் ஸோஹோவின் அலுவலகம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் அதன் 'அரட்டை' செயலி திடீரென்று பிரபலமானபோது, நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, மெசேஜ் செயலிகள் வாட்ஸ்அப்போல மூடியிருக்காமல் யுபிஐ, இ-மெயில் போல ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றார். அப்படி நடந்தால் நல்லதுதான். ஆனால் அன்றைக்கே அடுத்த கேள்வியும் வரும்: எந்த சர்வரை எந்த சர்வர் எப்போது அடைக்கலாம், அதை யாரிடம் சொல்ல வேண்டும்? யுபிஐ ஒரு பதில் சொல்கிறது, இ-மெயில் வேறு பதில் சொல்கிறது.

சேரும் முன் பார்க்க வேண்டியவை

* சர்வரின் 'அறிமுகம்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்தெந்த சர்வரைத் தடுத்திருக்கிறார்கள், என்ன காரணம் என்று அட்மின் வெளியிட்டிருந்தால் அங்கே இருக்கும். காரணம் எழுதும் அட்மின் பொறுப்பானவர்.

* மாஸ்டோடனின் அதிகாரபூர்வத் தளத்தில் பட்டியலிடப்பட்ட சர்வர்கள் ஓர் உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டவை. வெறுப்புப் பேச்சைக் கட்டுப்படுத்த வேண்டும், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு இன்னொருவரிடம் சாவி இருக்க வேண்டும், மூடுவதாக இருந்தால் 3 மாதம் முன்பே சொல்ல வேண்டும்.

* நீங்கள் ஃபாலோ செய்பவர்களின் பட்டியலை அவ்வப்போது கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் மாறினால் ஃபாலோயர்களைக் கூட்டிப்போகலாம். பழைய போஸ்ட்கள் கூட வராது. ஏற்கெனவே துண்டிக்கப்பட்ட சர்வரில் இருந்த ஃபாலோயர்களும் வர மாட்டார்கள்.

* ஒரு தனிநபர்தான் தொல்லை என்றால் அவரை மட்டும், ஒரு சர்வரே தொல்லை என்றால் அந்த சர்வரை உங்கள் கணக்கிலிருந்து மட்டும் தடுக்க வசதி உண்டு. அட்மின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

* அட்மின் எடுத்த முடிவு தவறு என்று தோன்றினால், எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பக்கம் இருப்பது மாதச் செலவைக் கைக்காசில் கட்டும் ஒரு மனிதர்தான்.

அந்த இரண்டு நண்பர்களுக்கும் இப்போது மூன்று வழிகள். தடையை எடுக்கச் சொல்லி அட்மினிடம் கேட்கலாம். கேட்காவிட்டால், ஒருவர் வேறு சர்வருக்கு மூட்டை கட்டலாம். ரெண்டும் வேண்டாம் என்றால், அடுத்த பொங்கலுக்குச் சேத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது நேரில் பேசிக்கொள்ளலாம். அதற்கு எந்த அட்மினின் அனுமதியும் தேவையில்லை.